ஈடுபாட்டாரும் வாசல் நிலையும்

வாசகரே, வகுப்பறைக்குள் நுழைகிறவர்கள் பல ரகம். உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் ரகம் பிடிபட்டுவிடும். பிள்ளைகளைப் பார்த்தால் அவர் ஆசிரியர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அவரும் ஆசிரியர்தான், கடைசிப் பீரியடுக்கு வந்தவர். மின்விசிறியில் படிந்த தூசியைப் பார்த்தால் மேலதிகாரி. சுவரில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று தேடி, அது கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்தால், சந்தேகமே வேண்டாம், அவர் ஈடுபாட்டார்.

ஈடுபாட்டார் என்பது நான் வைத்த பெயர். அவர்கள் தங்களைக் 'கற்றல் தொழில்நுட்ப ஆய்வாளர்' என்று சொல்லிக்கொள்வார்கள். அடையாள அட்டையில் இடம் இருந்தால் இன்னும் நீளமாகவும் சொல்லிக்கொள்வார்கள். பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிற ஊரிலெல்லாம் இவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தக் கருவியைக் கொண்டுபோய் வைத்தால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள், அதற்கு ஆசிரியர்களை எப்படித் தயார் செய்வது என்று கண்டுபிடிப்பது இவர்களுடைய வேலை. ஆசிரியரை ஆசிரியர் என்று சொல்ல மாட்டார்கள். 'ஏதுவாளர்' என்பார்கள். அதாவது, எதற்கோ ஏதுவாக ஓரமாக நிற்பவர். பிள்ளைகளைப் 'பயனர்' என்பார்கள். வகுப்பை 'கற்றல் சூழல்' என்பார்கள். மழைக்கு ஒழுகுகிற வகுப்பும் கற்றல் சூழல்தான், கொஞ்சம் ஈரமான சூழல்.

இவர்கள் வாயில் மூச்சைவிட அதிகமாக வந்துபோகும் சொல் ஒன்று உண்டு. ஈடுபாடு. உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஈடுபாடு வேறு. ஒருவர் செடி வளர்ப்பதில் ஈடுபாடு என்போம், இன்னொருவர் பாட்டில் ஈடுபாடு என்போம். மனசு ஒன்றிலே தோய்ந்து, கூப்பிட்டால்கூடக் காதில் விழாமல் கிடப்பதைச் சொல்வோம். அதை அளக்க முடியுமா? முடியாது. அளக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத முடியுமா? கருத்தரங்குக்கு விமானத்தில் போக முடியுமா? ஆகவே ஈடுபாட்டார்கள் கூடிப் பேசி, மனசுக்குள் கிடந்த ஈடுபாட்டை இழுத்துக்கொண்டுவந்து விரல் நுனியில் வைத்துவிட்டார்கள். பிள்ளை திரையைத் தொட்டால் ஈடுபாடு. தொடாவிட்டால் இல்லை. கன்னத்தில் கைவைத்து யோசிக்கிற பிள்ளை சும்மா இருக்கிற பிள்ளை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி 'அட, அதனாலதானா!' என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற பிள்ளை கவனம் சிதறிய பிள்ளை. இரண்டு கையாலும் திரையைப் போட்டு மொத்துகிற பிள்ளை இருக்கிறதே, அதுதான் தங்கம்.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஈடு ஒரு பக்கம் வரும், பாடு ஒரு பக்கம் வரும். ஈடு ஆய்வாளருக்கு, பாடு பிள்ளைகளுக்கு. எனக்கு இப்படியெல்லாம் தோன்றுவதற்குக் காரணம் என் தொழில். நான் பல்கலைக்கழக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஈடுபாட்டார்கள் எழுதுகிற கட்டுரைகள் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். எல்லாக் கட்டுரையும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: 'மேலும் ஆய்வு தேவை.' நீங்களும் நானும் 'எனக்குத் தெரியலைங்க' என்று சொன்னால் அது அவமானம். அதையே அவர் எழுதினால் அடுத்த திட்டம்.

இன்னும் அடையாளம் வேண்டுமா? ஈடுபாட்டார் பாடம் நடத்தும்போது போய்ப் பாருங்கள். 'மாணவர்களைப் பேசவிடுங்கள்' என்ற தலைப்பில், காலையில் ஆரம்பித்து எல்லாருக்கும் பசி வந்து, பசி போய், தூக்கம் வருகிற வரைக்கும் ஒரே ஆளாகப் பேசிக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கிற பயிற்சி ஆசிரியர்களில் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது, கொட்டாவிக்குத் தவிர. படம்காட்டும் கருவி வேலை செய்யாமல் சுவரில் நீலமாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தால், இந்தத் துறையின் மூத்த நிபுணர் என்ன செய்வார் தெரியுமா? வராந்தாவை எட்டிப் பார்த்து, "யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார்.

இவ்வளவு நுணுக்கமாக இவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், ஐயா. என் அக்காவின் கணவர். அசல் ஈடுபாட்டார்.

அத்தான் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் சொல்ல மாட்டார், யாரையும் கடிந்து பேச மாட்டார், தெருவில் பிள்ளைகளைக் கண்டால் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார். என்ன, தடவின கையோடு அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை திரையைத் தொடுகிறது என்றும் கேட்பார். அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

"வகுப்புல யாரு எத்தனை தடவ தொட்டாங்கன்னு எண்ணத் தெரியுது," என்பாள் அக்கா. "நான் எத்தனை தடவ கூப்பிட்டேன்னு எண்ணத் தெரியல."

"எண்ணலாம்மா," என்பார் அத்தான் தலை நிமிராமல். "அதுக்கு ஒரு கருவி வேணும்."

இந்த அத்தான்தான் நகரத்துப் பள்ளிகளில் டேப் திட்டத்தைக் கொண்டுவந்தவர். பிள்ளைக்கு ஒரு டேப், அதாவது தொடுதிரைக் கைக்கணினி. வகுப்பின் பின்சுவரில் ஒரு கேமரா. எந்தப் பிள்ளை எப்போது தொட்டது என்று டேப் தானாகவே பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடும். பிள்ளைகளின் அந்தரங்கம் காக்க வேண்டும் என்று கேமராவில் ஒலியை மட்டும் நீக்கிவிட்டார்கள். ஆக, அங்கே என்ன பேசினார்கள் என்பதைத் தவிர வகுப்பைப் பற்றி எல்லாம் அத்தானுக்குத் தெரியும். கடைசியில் வகுப்புக்கு ஓர் 'ஈடுபாட்டு எண்' வரும். எண் வந்தபின் அதைச் சும்மா விடுவார்களா? ஆசிரியர் பயிற்சியிலும் கொண்டுபோய்ச் செருகினார்கள். பயிற்சியில் இருக்கிறவர்கள் பள்ளிக்குப் போய், பேராசிரியர் பார்க்க இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும்; முதலாவதைக் கேமராவில் பார்ப்பார், இரண்டாவதை நேரில் வந்து. எண் உயர்ந்தால் தேர்ச்சி. தாழ்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பயிற்சியில்தான் என் தங்கச்சி சேர்ந்திருந்தாள்.

தங்கச்சி அதற்கு முன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாள். ஃபோனை எடுத்து, எதிர்முனையில் இருப்பவர் திட்டுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு, 'உங்கள் அழைப்புக்கு நன்றி' என்று சொல்கிற வேலை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இனிமே யாருக்கும் நன்றி சொல்லப் போறதில்ல, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றாள். பயிற்சியில் சேர வயது வரம்பு உண்டு. புறப்படுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வதுபோலக் கடைசி வருஷத்தில் தொற்றிக்கொண்டாள். இந்த முறை தவறினால் மறுபடி சேர வழியில்லை. திரும்பவும் காப்பீடு, திரும்பவும் நன்றி. பேராசிரியர் சொந்த அத்தான்தானே, கண்டும் காணாமல் விட்டுவிட மாட்டாரா என்கிறீர்களா? அத்தான் நேர்மையானவர் என்று சொன்னேனே. அதுதான் பிரச்சினை.

முதல் வகுப்பு பின்னக் கணக்கு. அந்த வகுப்பில் ஒரு சிறுமி. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் வகுப்பே அவளுக்கு 'ஏன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. தங்கச்சி பலகையில் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று எழுதி, இந்த இரண்டுக்குள் மூன்றில் ஒன்றுதான் பெரியது என்றாளோ இல்லையோ, 'ஏன்' எழுந்துவிட்டாள்.

"டீச்சர், நாலு பெருசா, மூணு பெருசா?"

"நாலு."

"அப்ப நாலுல ஒண்ணு ஏன் சின்னதாச்சு?"

தங்கச்சி ஆளுக்கு ஒரே அளவில் இரண்டு காகிதம் கொடுத்தாள். ஒன்றை நாலாக மடி, இன்னொன்றை மூன்றாக மடி. நாலாக மடிப்பது சுலபம். மூன்றாக மடித்துப் பாருங்கள், வாசகரே, தெரியும். வகுப்பு முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு, மடித்து, பிரித்து, மனசுக்குள் திட்டிக்கொண்டு, மறுபடி மடித்து, ஒரு சத்தம் இல்லை. டேப்புகள் காகிதத்துக்கு அடியில் தாங்குப் பலகையாகக் கிடந்தன. 'ஏன்' ஒரு துண்டை இன்னொரு துண்டின் மேல் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தினாள்: "டீச்சர்! நிறைய பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்குக் கம்மியாத்தான் கிடைக்கும்! அதான்!"

அன்றைக்கு அந்த வகுப்பின் ஈடுபாட்டு எண், திட்டம் தொடங்கிய நாளிலிருந்து பதிவான எண்களிலேயே அடிமட்டம். டேப்புகள் பெட்டிக்குள் இருந்த விடுமுறை நாளில்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்ததாம். பெட்டி குலுங்கியிருக்கும்.

சாயங்காலம் அத்தான் வருத்தமாகச் சொன்னார். "ரொம்ப செத்த வகுப்பும்மா. புள்ளைங்ககிட்ட ஒரு அசைவே இல்ல."

"யோசிச்சிட்டு இருந்தாங்க அத்தான்."

"யோசிச்சாங்கன்னு எப்படிச் சொல்ற? அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"அந்தப் பொண்ணு கத்துச்சே!"

"கேமரால சத்தம் இல்லையேம்மா," என்றார் அத்தான், ரொம்பக் கனிவாக. "அடுத்த வகுப்புல பாத்துக்கலாம். பக்கத்து வகுப்பு டீச்சரோட படத்தை நாளைக்குப் போட்டுக் காட்டறேன். அதுதான் முன்மாதிரி."

அந்தப் பக்கத்து வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே பள்ளி, அடுத்த அறை, ஒரே ஒரு நாள். அன்றைக்கு வந்த எண்ணைப் பார்த்து அத்தான் முதலில் இயந்திரம் கெட்டுவிட்டது என்றே நினைத்தார். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தார். ஆசிரியை வகுப்பு வாசலில், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வலது கை வலது காதில். இடது கை விரல் இடது காதுக்குள். அவ்வப்போது தலையை ஆட்டுகிறார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வகுப்பே எழுந்து நின்று, இரண்டு கையாலும் திரைகளை வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. அத்தானுக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை காலம் ஆசிரியர் பேசிப் பேசித்தான் பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறார்! விலகி நின்றால், பார்வையை விலக்கினால், காதையே பொத்திக்கொண்டால், ஈடுபாடு பொங்குகிறது!

அந்த ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்க மாட்டார். ஆசிரியர் சொன்னால் அது தனிப்பட்ட கருத்து. கேமரா காட்டினால் அது தரவு.

கட்டுரை என் மேஜைக்கு வந்தது. 'விலகி நிற்கும் ஏதுவாளரும் பெருகும் ஈடுபாடும்.' அப்படி நிற்பதற்கு அத்தான் 'வாசல் நிலை' என்று பெயர் கொடுத்திருந்தார். நான் இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி அனுப்பினேன். அடுத்த பருவத்தில் பயிற்சிக் கல்லூரி முழுக்க வாசல் நிலைதான். பயிற்சி ஆசிரியர்கள் வரிசையில் வந்து, கதவு நிலையில் நின்று, முதுகைக் காட்டி, காதில் கைவைத்துப் பழகினார்கள். கதவுகள் போதவில்லை. சுவரில் சாக்பீஸால் கதவு வரைந்தார்கள். அந்தக் கட்டடத்தில் சாக்பீஸுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை கிடைத்தது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எந்தக் காதில் எந்தக் கையை வைப்பது என்று கேள்வி எழுந்து, அதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். 'தலையாட்டல் இடைவெளி' பற்றி ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டார். மேலும் ஆய்வு தேவை.

தங்கச்சியும் சுவர்க் கதவில் நின்று பழகினாள். பழகிவிட்டு, பள்ளிக்குப் போனபோது அந்தப் பக்கத்து வகுப்பு டீச்சரிடமே நேரில் கேட்டாள்: "மேடம், அன்னிக்கு நீங்க எப்படி அப்படி ஒரு வகுப்பு எடுத்தீங்க?"

"என்னிக்கு?" என்றார் அவர். நாளைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்தக் கண்றாவியா! டேப் எல்லாம் ஒரே நேரத்துல ஒறைஞ்சு போச்சும்மா. எதைத் தொட்டாலும் அசையல. இதுங்க போட்டுக் குத்துதுங்க. நான் ரிப்பேர்காரருக்கு ஃபோன் போட்டேன். உள்ள டவர் கிடைக்காது, வாசல்லதான் கிடைக்கும். அந்தாளு 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'ங்கறான், பின்னாடி இதுங்க கூச்சல். ஒரு காதைப் பொத்திக்கிட்டு மாரடிச்சேன். பீரியடே போச்சு."

தங்கச்சி சிரித்தபடியே வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருந்தோம். நடந்ததை அப்படியே சொன்னாள், காதைப் பொத்திக் காட்டி. அக்கா சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. கையைத் தட்டிலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பாவமாக இருந்தது எனக்கு. என்ன இருந்தாலும் ஒரு மனிதர் தன் தப்பைத் தன் வீட்டு மேஜையில், மச்சினி வாயால் கேட்பது என்றால் சும்மாவா?

"இப்ப என்னங்க சொல்றீங்க?" என்றாள் அக்கா.

அத்தான் மெதுவாகத் தலை நிமிர்ந்தார். கண்கள் ஜொலித்தன.

"இது பெரிய கண்டுபிடிப்பும்மா," என்றார். "ஓடற டேப்பைவிட ஓடாத டேப்புலதான் ஈடுபாடு அதிகம்! யாருமே இதைப் பாத்ததில்ல!"

கையைக் கழுவக்கூட இல்லை. அறைக்குள் ஓடினார்.

நான் பரிதாபப்பட்டேன் பாருங்கள், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். வாசகரே, ஈடுபாட்டாரை உண்மையால் வீழ்த்த முடியாது. நீங்கள் எறிகிற உண்மையை எடுத்து அவர் இரண்டாம் பாகம் எழுதிவிடுவார். அடுத்த கட்டுரையின் தலைப்பு 'திட்டமிட்ட பழுது: ஈடுபாட்டுக்கு ஒரு புதிய பாதை.' வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே உறைந்துபோகும்படி டேப்புகளை மாற்றி அமைத்தார்கள். அதற்கென்று தனியாக ஆள் வைத்தார்கள். ஏற்கெனவே சும்மா உறைந்துகொண்டிருந்ததை இப்போது திட்டப்படி உறைய வைத்தார்கள். வாசல் நிலையும் அப்படியே தொடர்ந்தது. அது தப்பு என்று எந்தத் தரவும் சொல்லவில்லையே!

தங்கச்சியின் இரண்டாவது வகுப்பு வந்தது. அதற்கு முதல் நாள் என்னிடம் கேட்டாள், "அண்ணா, நான் என்னதான் பண்ணட்டும்? காகிதத்த எடுத்துட்டுப் போயிடவா?"

நான் எழுத்துப்பிழை திருத்துகிறவன். கருத்துப்பிழை என் வேலை இல்லை. அக்காதான் சொன்னாள்: "முதல்ல பாஸ் ஆகி உள்ள நுழைடி. அப்புறம் உன் இஷ்டத்துக்குச் சொல்லிக் குடு. அந்த ஆபீஸுக்கே திரும்பப் போறியா?"

போக மாட்டாள். போக முடியாது. அன்றைக்கு அவள் பட்ட கோபம் எனக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் அத்தான் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பாடம், பின்னங்களைக் கூட்டுவது. தங்கச்சி பலகையில் அரையும் காலும் எழுதினாள். எழுதிவிட்டு, போய் வாசலில் நின்றாள். முதுகைக் காட்டினாள். காதில் கையை வைத்தாள். டேப்புகள் ஒவ்வொன்றாக உறைந்தன. பிள்ளைகள் முதலில் மெதுவாகத் தட்டினார்கள். பிறகு வேகமாகத் தட்டினார்கள். பிறகு குத்தினார்கள். சிலர் எழுந்து நின்று குத்தினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு மனிதர் புல்லரித்துக்கொண்டிருந்தார்.

'ஏன்' மட்டும் குத்தவில்லை. கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும்; இன்னொரு கையால் முட்டுக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாளாம். பிறகு இடத்தைவிட்டு எழுந்து, வாசலுக்கு வந்து, தங்கச்சியின் முழங்கையைத் தொட்டாள். அந்தத் தொடுதல் எந்த எண்ணிலும் ஏறவில்லை.

"டீச்சர்," என்றாள். "எங்க மேல கோவமா?"

தங்கச்சி திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வாசல் நிலை கலைந்துவிடும். பயிற்சி போய்விடும். காதிலிருந்து கையை எடுக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுமி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

தங்கச்சி தேறிவிட்டாள். தேறியது மட்டுமா, அந்த ஆண்டின் சிறந்த ஏதுவாளர் அவள்தான். சாயங்காலம் அத்தான் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அசத்திட்டம்மா! எண் எங்கயோ போயிடுச்சு. எல்லாத்துக்கும் மேல, கடைசில ஒரு பொண்ணு தானா எழுந்து வந்து உன்கிட்ட பேசுச்சு பாரு, அது என்னன்னு தெரியுமா? பயனர் தாமாகத் தொடங்கும் உரையாடல்! அதுக்குத் தனியா மதிப்பெண் போட்டிருக்கேன்."

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சுன்னு உங்களுக்குக் கேட்டுச்சா அத்தான்?"

"நல்லாக் கேட்டுச்சே. குரல் தெளிவு. அதையும் குறிச்சிருக்கேன்."

தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள்; தேறினவள் அழுகிற அழுகையா அது? "ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலக்கா. ஒண்ணுமே சொல்லிக் குடுக்காம பாஸ் ஆயிட்டேன். அது கோவமான்னு கேட்டுச்சு. இல்லன்னுகூடச் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தானை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூடத்துக்குப் போனேன். அவர் சோபாவில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். 'மேலும்' வரைக்கும் எழுதியிருந்தார். திரும்பிவிட்டேன்.

மறுநாள் தங்கச்சி அந்தப் பள்ளிக்குப் போனாள். போக வேண்டிய அவசியம் இல்லை, பயிற்சி முடிந்துவிட்டது. வகுப்பு டீச்சரிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்கினாள். டேப்புகளை எல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பின்சுவர்க் கேமரா மேல் ஒரு துண்டுத் துணியைப் போட்டாள். "கோவம் இல்லம்மா" என்று முதலில் சொன்னாளாம். அப்புறம் காகிதத்தை எடுத்தாளாம். அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று பாதி வகுப்பு சாதித்ததாம். பீரியட் முடிவதற்குள் அதே பாதி வகுப்பு, முக்கால் முக்கால் என்று கத்தியதாம். 'ஏன்' மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இதெல்லாம் தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எண் இல்லை, படம் இல்லை. ஆய்வின்படி அப்படி ஒரு வகுப்பு நடக்கவே இல்லை.

இப்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இப்படி ஓர் ஆசாமியை எனக்கும் தெரியுமே என்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணி வேலை நடந்ததாக எழுதுகிற மேலாளராக இருக்கலாம். மகன் மேஜையில் உட்கார்ந்த நேரத்தை எண்ணி அவன் படித்ததாக நம்புகிற பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். நல்லது. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்தேன். அத்தானிடமே படிக்கக் கொடுத்தேன். சண்டைக்கு வருவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக எதிரே உட்கார்ந்திருந்தேன்.

படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வர, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சு மச்சான்," என்றார் மூச்சு வாங்க. "எங்க பக்கத்துத் துறைத் தலைவர்தானே? அச்சு அசலா அந்தாளுதான்! பாவம், அவருக்கு இதைக் காட்டிடாத."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் வாசகரே, யாரை நினைத்து நீங்கள் சிரித்தீர்களோ, அவரிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரும் நிச்சயம் சிரிப்பார். சிரித்து முடித்ததும் யார் பெயரைச் சொல்கிறார் என்று மட்டும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.